பாறை ஏறுவது எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளரங்கச் சுவரில் சில மாதம் ஏறிப் பழகிவிட்டு, அடுத்தது கர்நாடகத்துப் பாறைகளான பாதாமியா ஹம்பியா என்று யோசிப்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. எந்த ஷூ, எந்த ரோப் என்று கேட்டால் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எதற்காக ஏறுகிறோம் என்று கேட்டால் ஆளுக்கொரு தத்துவம்தான் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் பாறையில் கண்கூடாகத் தெரியும். எந்த வகை ஏற்றம் உங்களுக்குச் சரிப்படும், எங்கே காயம் வரும், எந்த இடத்தில் இறங்கிவிடுவீர்கள் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

"அது அங்கே இருக்கிறது, அதனால் ஏறுகிறேன்" என்றால் போதாதா?

எவரெஸ்டில் ஏன் ஏற வேண்டும் என்று 1923இல் அமெரிக்காவில் செய்தியாளர் கேட்டதற்கு பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மல்லோரி சொன்னதாகப் பதிவான பதில் அது. மறு ஆண்டே அவர் எவரெஸ்டில் காணாமல் போனார். உடல் 1999இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

வெளியாள் கேட்டால் அந்தப் பதில் போதும். பாறையில் தொங்கும்போது அது கைகொடுக்காது. பாதாமியில் ஒரு ரூட்டில் (ஏறும் பாதையில்) ஐந்தாவது போல்ட்டை (ரோப்பை மாட்டப் பாறையில் பதித்த ஆணியை) தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கை கல்லாக இறுகிவிட்டது, விரல் திறக்க மறுக்கிறது, அடுத்த போல்ட் ஒரு கை தூரத்துக்கு மேலே இருக்கிறது. இந்த ரூட்டை முடித்தேன் என்று சொல்ல வந்தவர் எட்டிப் பிடிக்கப் பார்ப்பார். ஏறும் அசைவுகள் பிடித்து வந்தவர் "டேக்" (ரோப்பை இறுக்கு) என்று கூவி, ரோப்பில் உட்கார்ந்து கையை உதறிவிட்டு அதே அசைவை மறுபடி செய்வார். சுவர் ஒன்று, பலம் ஒன்று, ஆனால் முடிவு வேறு. இரண்டில் எதுவும் தவறில்லை. நாம் எந்த ஆள் என்று தெரியாமல் ஏறுவதுதான் தவறு.

பொதுவாக எந்தெந்தக் காரணங்களோடு வருகிறார்கள்?

உடலைப் பயன்படுத்தும் இன்பம், புதிர் விடுவிக்கும் ஆர்வம், பயத்தை எதிர்கொள்ளும் ஆசை, சகவாசம், திறந்தவெளி, போட்டி, மனபாரம் இறக்குதல், பிறர் பார்வை. ஒருவருக்கு ஒன்று மட்டும் இருப்பதில்லை. இரண்டு மூன்று கலந்திருக்கும், வருடத்துக்கு வருடம் கலவையும் மாறும்.

வகையோடு பொருத்திப் பார்த்தால் இப்படி வரும். புதிர் பிடித்தவருக்குப் போல்டரிங்: நாலைந்து மீட்டர் உயரம், ரோப் கிடையாது, கீழே கிராஷ் பேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை), ஒரே ப்ராப்ளத்தை (குட்டைப் பாதையை) முப்பது முறைகூட முயலலாம். ஆள் துணையும் நம்பிக்கையும் வேண்டுபவருக்கு ரோப் ஏற்றம். நாள் முழுக்கப் பாறையில் இருக்க ஆசைப்படுபவருக்குப் பல ரோப் நீளம் கொண்ட நெடுஞ்சுவர்கள். பெங்களூரு பக்கம் சாவனதுர்காவின் கிரானைட் சரிவு அந்த ரகம். நேரத்தோடு போட்டி போடுபவருக்கு ஸ்பீடு சுவர்: 15 மீட்டர், உலகெங்கும் ஒரே அமைப்பு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்பீடு, போல்டரிங், ரோப் ஏற்றம் என்ற மூன்று பிரிவையும் சேர்த்து ஒரே பதக்கம் வைத்தார்கள். 2024 பாரிஸில் ஸ்பீடு தனிப் பிரிவானது.

உயரம் என்றாலே பயம். அதைப் போக்கத்தான் வர நினைக்கிறேன். சரியான காரணமா?

நல்ல காரணம், நிறையப் பேரைக் கொண்டுவந்த காரணமும்கூட. ஆனால் பயத்தை ஒரேயடியாக ஒழிக்க நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பயம் அளவோடு இருந்தால்தான் முடிச்சை இன்னொரு தரம் பார்க்கத் தோன்றும். நமக்கு வேண்டியது, பயம் வரும்போதும் மூச்சும் பாதமும் சொன்னபடி கேட்பது.

முதலில் எது பயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி ஓரத்தில் நின்றாலே கால் நடுங்கினால் அது உயரத்தின் மீதான பயம். உயரத்தில் உட்கார்ந்திருக்க முடிகிறது, கை நழுவும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் உறைகிறீர்கள் என்றால் அது விழுவதன் மீதான பயம். முன்னதற்கு, உச்சியில் முன்கூட்டியே மாட்டிய ரோப்பில் ஏறும் டாப் ரோப்பே மருந்து. மூன்று மீட்டர் ஏறி, ரோப்பில் முழு எடையையும் விட்டு உட்கார்ந்து, இரு கைகளையும் எடுத்துவிட்டு, பத்து மூச்சு விட்டு இறங்குங்கள். அடுத்த முறை ஐந்து மீட்டர். பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் நாளே உச்சிவரை போய்விட்டு, அங்கே உறைந்து, அழுதுகொண்டு இறங்குவது. உடம்பு அந்த அனுபவத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒரு சின்ன விஷயம்: டாப் ரோப்பிலும் ரோப் நீளும். தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது மேலே சென்று திரும்பும் ரோப்பின் நீளம் மிக அதிகம், ஆகவே நீட்சியும் அதிகம். முதல் சில மீட்டர்களுக்குப் பிலே செய்பவர் (கீழே நின்று ரோப்பைப் பிடித்திருப்பவர்) ரோப்பை இறுக்கமாகவே வைத்திருக்க வேண்டும்.

விழுவதற்கே பயிற்சி உண்டா?

உண்டு. லீட் ஏறுபவர்கள் (ரோப்பைக் கீழிருந்தே கொண்டுபோய்ப் போல்ட்களில் மாட்டிக்கொண்டே ஏறுபவர்கள்) இதைச் செய்யாமல் விடுவதால்தான் வருடக்கணக்கில் ஒரே கிரேடில் (கடின அளவில்) நிற்கிறார்கள். பயிற்சி பெற்றவர் கூடவே இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

நேர்ச்சுவரோ லேசாக நம் பக்கம் சாய்ந்த சுவரோ வேண்டும். இடையில் திட்டு, நீட்டிய கல் எதுவும் இருக்கக் கூடாது. ஐந்தாவது ஆறாவது போல்ட்டுக்கு மேல்தான் தொடங்க வேண்டும். கீழே என்றால் ரோப் நீளும்போது தரை வந்துவிடும். முதல் விழுதல், போல்ட் உங்கள் மார்பளவில் இருக்கும்போது. அடுத்தது இடுப்பளவு, பிறகு முழங்கால், பிறகு பாதம். ஒவ்வொரு நிலையிலும் மூன்று நான்கு முறை. இதயம் அடங்காவிட்டால் அடுத்த நிலைக்குப் போகாதீர்கள், அன்று அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

விழும்போது மூச்சை வெளியே விடுங்கள். பின்னோக்கி எம்பாதீர்கள், எம்பினால் ஊஞ்சல் மாதிரி திரும்பி வந்து சுவரில் மோதுவீர்கள், கணுக்கால் போகும். முழங்கால் லேசாக மடங்கி, பாதம் சுவரைச் சந்திக்கத் தயாராக இருக்கட்டும். ரோப் காலுக்குப் பின்னால் ஓடுகிறதா என்று ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஓடினால் விழும்போது உங்களைத் தலைகீழாகப் புரட்டிவிடும்.

இதில் கணக்கு ஒன்று உண்டு, அது தெரிந்தால் பயம் பாதி குறையும். விழுந்த தூரத்தை, வெளியே ஓடியிருக்கும் ரோப்பின் நீளத்தால் வகுக்க வேண்டும். 10 மீட்டர் ரோப் ஓடியிருக்கிறது, போல்ட்டுக்கு 1 மீட்டர் மேலே இருக்கிறீர்கள் என்றால் விழும் தூரம் சுமார் 2 மீட்டர், எண் 0.2. இந்த எண்ணின் உச்சம் 2. உடல் உணரும் அதிர்ச்சி பெரும்பாலும் இந்த எண்ணைப் பொறுத்தது. நீளும் ரோப்பும், பிலே செய்பவர் சரியான நொடியில் லேசாக மேலெழும்பிக் கொடுக்கும் மென்மையும் மீதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீளாத ஸ்டேட்டிக் ரோப்பில் ஒருபோதும் லீட் ஏறக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

ஏறும்போது வேறு எந்த நினைப்பும் வருவதில்லை என்கிறார்களே, அது என்ன?

ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களில் சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்களோடு பாறை ஏறுபவர்களையும் பேட்டி கண்டு ஆராய்ந்த நிலை அது. செய்யும் வேலையில் முழுதாக ஆழ்ந்து, நேரமும் "நான்" என்ற நினைப்பும் மறைந்துபோகும் நிலை. அதற்கு மூன்று தேவை: குறிக்கோள் தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும், கடினம் உங்கள் திறமைக்கு ஒட்டியே இருக்க வேண்டும். பாறை முதல் இரண்டையும் தானாகவே தருகிறது. மூன்றாவதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹம்பியில் ஒரு கிரானைட் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குப் பிடி எதுவுமில்லை, உள்ளங்கை சும்மா பாறையில் பதிந்திருக்கிறது. ஷூவின் முன்பகுதி ரப்பரை ஒரு நாணய அகலச் சொரசொரப்பில் வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைப் பாறையிலிருந்து சற்று வெளியே தள்ளி நிற்கிறீர்கள். பயத்தில் உடம்பைப் பாறையோடு ஒட்டினால் எடை பாதத்தை விட்டு விலகும், ரப்பர் உராய்வை இழக்கும், அடுத்த நொடி வழுக்கும். நம்பி நிமிர்ந்து நின்றால் நிற்கும். எடை மாற்றும் அந்த ஒரு நொடியில் அலுவலக மின்னஞ்சல் நினைவுக்கு வர இடமே இல்லை.

இதற்காக வருபவர்கள் தங்கள் உச்ச கிரேடைவிட ஒன்றிரண்டு குறைவான ரூட்டுகளில்தான் பாதி நேரத்தைச் செலவிட வேண்டும். ஒரு எளிய பயிற்சி: ஷூ சுவரில் படும் சத்தம் கேட்காமல் ஒரு ரூட்டை முடிப்பது. பாதத்தை வைத்த பிறகு நகர்த்தினால் தரையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இருபது நிமிடத்தில் தலை காலியாகிவிடும்.

கிரேடைத் துரத்துவது மட்டமான நோக்கமா?

இல்லவே இல்லை. கிரேடு என்பது முன்னேற்றத்துக்கு ஓர் அளவுகோல், அதைப் பார்த்து மகிழ்வதில் குற்றமில்லை. பிரெஞ்சு முறையில் 6ஏ ஏறும் ஒருவர் 6பி முடிக்கும் நாளின் சந்தோஷமும், 2017இல் நார்வேயின் ஃபிளாட்டாங்கர் குகையில் ஆடம் ஓண்ட்ரா உலகின் முதல் 9சி ரூட்டை முடித்தபோது அடைந்ததும் ஒரே ஜாதி சந்தோஷம்தான்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தசை சில வாரங்களில் பலம் பெறும். தசைநாணும், விரல் எலும்போடு அதைச் சேர்த்துப் பிடிக்கும் வளையத் திசுவும் பலம் பெற மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும். ஆறாவது மாதத்தில் "எனக்குப் பலம் வந்துவிட்டது" என்று தோன்றும். வந்திருப்பது முன்கைக்கு, விரலுக்கு அல்ல. அந்த நேரத்தில் சிறு விளிம்பை, விரல் நடுமூட்டை மடக்கி, கட்டைவிரலை மேலே பூட்டி முழுக் கிரிம்ப்பாகப் பிடித்து இழுத்தால், மோதிர விரலின் அடியில் உள்ள வளையத்தில்தான் பாரம் குவியும். "டப்" என்று ஒரு சத்தம், விரலின் அடிப்பகுதியில் வலி, வீக்கம். அதன் பிறகு வாரக்கணக்கில், மோசமாகக் கிழிந்திருந்தால் மாதக்கணக்கில் ஏற முடியாது.

கிரேடுக்காக ஏறுபவர் முதல் ஒன்றிரண்டு வருடம் விரல் பலகையில் (விரல் நுனியால் தொங்கிப் பழகும் பலகையில்) தொங்காமல் இருக்கட்டும். விரலை மடக்கிப் பூட்டாத திறந்த பிடியைப் பழகட்டும். கடினமான இரண்டு நாட்களுக்கு நடுவே ஒரு முழு ஓய்வு நாள் வைக்கட்டும். உள்ளரங்கக் கிரேடைப் பாறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சுவரில் வி4 (போல்டரிங் கிரேடு) முடிப்பவர் ஹம்பியில் முதல் நாள் வி2விலேயே திணறுவது சாதாரணம். அங்கே பிடிகளுக்கு வண்ணம் பூசியிருக்காது, காலை எங்கே வைப்பது என்று நாம்தான் தேட வேண்டும்.

நான் குள்ளம். பலமும் குறைவு. இதில் எனக்கு என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் யோசெமிட்டியின் எல் கேபிட்டன் சுவரில் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள "நோஸ்" என்ற பாதையை, உபகரணத்தைப் பிடித்துத் தொங்காமல் கை கால் பலத்தால் மட்டும் முதலில் ஏறியவர் லின் ஹில். ஆண்டு 1993. உயரம் ஐந்தடி இரண்டங்குலம்தான். மறு ஆண்டே அதை ஒரே நாளுக்குள் முடித்தார். மெல்லிய விரல் நுழையும் வெடிப்பும், காலை உயரத் தூக்கி வைக்கும் நெகிழ்வும் உயரமான ஆளுக்குக் கிடைக்காத வழிகளைத் திறந்துவிடும். எட்டாத பிடிக்கு இடையில் ஒரு சின்னப் பிடியைக் கண்டுபிடிக்கப் பழகுவீர்கள். அந்தத் தேடலே பலருக்குத் தொடர்ந்து வரக் காரணமாகிவிடுகிறது.

எடை குறைய ஏறலாமா?

ஏறுவதால் உடம்பு உறுதியாகும், உண்மைதான். ஆனால் அதையே முதல் காரணமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். எடை குறைந்தால் கிரேடு ஏறும் என்பதை இங்கே ஒருவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார், பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார். செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் மாதவிலக்கு தப்பும், எலும்பு வலுவிழக்கும், காயம் ஆறாது, தூக்கம் கெடும். உச்ச நிலை வீரர்களிடம் இது பெரிய பிரச்சினையாகி, சர்வதேச விளையாட்டு ஏற்றக் கூட்டமைப்பு 2024 பருவத்திலிருந்து இதற்கென்றே உடல்நலப் பரிசோதனை விதிகளைக் கொண்டுவந்தது. ஏறும் நாளில் இரண்டு இட்லியோடு கிளம்பாதீர்கள். வாழைப்பழம், கடலை மிட்டாய், தண்ணீர் பையில் இருக்கட்டும்.

மனச்சோர்வில் இருக்கிறேன். ஏறினால் சரியாகுமா?

உதவக்கூடும். ஜெர்மனியின் எர்லாங்கனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், போல்டரிங்கைச் சேர்த்து நடத்திய குழு மனநல சிகிச்சை, வீட்டிலேயே தனியாகச் செய்த உடற்பயிற்சியைவிட மனச்சோர்வைக் கூடுதலாகக் குறைத்தது. கவனிக்க வேண்டியது, அதை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள். சுவருக்குப் போனாலே அது சிகிச்சை ஆகிவிடாது. மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம் தரும் மருந்தாக இருந்தால் பிலே செய்யும் பொறுப்பை ஏற்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். "விழுந்தால் விழட்டும்" என்ற எண்ணம் தலையெடுத்த நாளில் ரோப்பைத் தொடாதீர்கள். நம்பும் ஒருவரிடம் அதை அன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நண்பர்களுக்காகத்தான் போகிறேன். அது ஒரு காரணமா?

வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் காரணங்களில் முதலிடம் அதற்குத்தான் கொடுப்போம். ரோப்பின் ஒரு முனையில் நீங்கள், மறுமுனையில் உங்கள் உயிரைக் கையில் பிடித்திருக்கும் ஒருவர். வேறு எந்தப் பொழுதுபோக்கில் ஒரு சாயங்காலத்தில் இவ்வளவு நெருக்கம் வரும்?

அதே நெருக்கம்தான் பேச்சுச் சுவாரஸ்யத்தில் கவனத்தைக் கெடுக்கும். 1989இல் பிரான்சின் பியூ பாறையில், அப்போதே உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவராக இருந்த அதே லின் ஹில், ரோப்பை ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டையில்) நுழைத்துவிட்டு முடிச்சை முடிக்காமலே ஏறிவிட்டார். இடையில் கவனம் சிதறியிருந்தது, மேல்சட்டை முடிச்சை மறைத்தது. உச்சியில் ரோப்பில் சாய்ந்ததும் இருபது மீட்டருக்கும் மேல் விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார்.

ஆகவே ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னும், எத்தனை வருட நட்பானாலும், ஒருவரை ஒருவர் தொட்டுப் பாருங்கள். இடுப்புப் பட்டையும் கால் பட்டையும் இறுகியிருக்கின்றனவா. ரோப் ஹார்னஸின் மேல் வளையம், கீழ் வளையம் இரண்டிலும் நுழைந்திருக்கிறதா. எட்டு வடிவ முடிச்சில் இழைகள் ஜோடி ஜோடியாக, குறுக்கே புரளாமல் கிடக்கின்றனவா, வால் குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்கிறதா. பிலே கருவியில் ரோப் சரியான பக்கம் நுழைந்திருக்கிறதா. கேரபினர் (ரோப்பை மாட்டும் உலோகக் கொக்கி) பூட்டியிருக்கிறதா, அமுக்கிப் பாருங்கள். ரோப்பின் மறுமுனையில் முடிச்சு இருக்கிறதா. 60 மீட்டர் ரோப்பில் 30 மீட்டருக்கு மேற்பட்ட ரூட்டிலிருந்து இறக்கினால் முனை பிலே கருவி வழியாக நழுவி ஓடிவிடும், மேலே இருப்பவர் தரைக்கு வருவார். அந்த ஒரு முடிச்சு அதைத் தடுக்கும். முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதைக் குழுவில் வழக்கமாக்கிவிடுங்கள்.

ரோப் இல்லாமல் ஏறுகிறவர்கள் எதற்காக அப்படிச் செய்கிறார்கள்? சாவுக்குத் துணிந்தவர்களா?

வெளியே தெரியும் ஐந்து நிமிட வீடியோவை வைத்து முடிவு செய்ய முடியாது. அமெரிக்க ஏற்ற வீரர் அலெக்ஸ் ஹோனோல்ட் 2017 ஜூன் 3 அன்று எல் கேபிட்டனின் "ஃப்ரீரைடர்" பாதையை ரோப் இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார். அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் ரோப்போடு அதே பாதையைத் திரும்பத் திரும்ப ஏறி, ஒவ்வொரு கடின அசைவையும் மனப்பாடம் செய்திருந்தார். முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருமுறை தொடங்கி, மனம் ஒப்பாமல் இறங்கியும் வந்தார். அவரது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பிறரைக் கலங்க வைக்கும் படங்களுக்கு அவருடைய பய மையம் அசைந்தே கொடுக்கவில்லை.

கர்நாடகத்தின் சித்திரதுர்கா கோட்டைச் சுவரில் வெறுங்கையோடு ஏறும் ஜோதிராஜைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஏற முயலும் பையன்களும் உண்டு. அவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது: பரவசம் வேண்டுமென்றால் லீட்டில் போல்ட்டுக்கு ஒரு மீட்டர் மேலே போதுமான அளவு இருக்கிறது. அதில் தவறினால் மறுபடி முயல உயிர் இருக்கும்.

பிறர் பாராட்டுக்காக, படம் போடுவதற்காக ஏறுவது?

ஒளிக்க வேண்டிய விஷயமில்லை, எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. கேமரா ஓடும்போது மட்டும் வழக்கத்தைவிடக் கடினமானதை முயல்கிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் அன்று கேமராவைப் பையில் வையுங்கள்.

திறந்தவெளிக்காகப் போகிறோம். பாறையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் தேனீ. தென்னிந்தியப் பாறைகளில் விழுவதைவிடப் பெரிய ஆபத்து மலைத்தேனீ என்று சொல்லத் துணிவோம். நீட்டிய கூரைப் பாறையின் அடியில் கறுப்பாக, பாதி நிலா வடிவில் தொங்கும் அடைகளை முதல் நாளே தூரத்திலிருந்து பார்த்து வையுங்கள். அதற்கு நேர் கீழேயோ பக்கத்திலோ உள்ள ரூட்டைத் தொடாதீர்கள். வாசனைத் திரவியம், புகை, கூச்சல், டிரோன் எதுவும் வேண்டாம். கிளம்பிவிட்டால் ஏறுபவரை உடனே இறக்கி, முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், அடிக்க முயலாதீர்கள். பல இடங்களில் கொட்டியிருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஒவ்வாமை இருப்பவருக்கு ஒன்றே போதும்.

பாதாமி செம்மணற்கல். கிடைமட்ட அடுக்குகளில் நல்ல பிடிகள் அமைந்த அருமையான கல், ஆனால் மழையில் நனைந்தால் மணற்கல் பலம் இழக்கும், பிடி உடைந்து கையோடு வரும். மேற்பரப்பு காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். பிடி உடைந்தால் உங்களுக்கு மட்டும் நஷ்டமில்லை, அந்த ரூட்டே போயிற்று. போல்ட்டில் துரு, ஆடும் ஹேங்கர் (போல்ட்டில் கேரபினரை மாட்டும் துளைத்தகடு) கண்டால் நம்ப வேண்டாம். ஹம்பி கிரானைட் ஈரத்தைத் தாங்கும், விரல் தோலைத்தான் உரிக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை, அதிலும் காலையும் மாலையும்தான் பாறையில் கை நிற்கும். மூன்றாம் நாள் விரல் நுனி சிவந்து பளபளத்தால் ஓய்வெடுங்கள்.

பாதாமியின் குகைக் கோயில்கள் ஆறாம் நூற்றாண்டுச் சாளுக்கியர் காலத்தவை. ஹம்பி 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நினைவுச் சின்னங்களின் மீதோ அவற்றை ஒட்டிய பாறையிலோ ஏறாதீர்கள். மதுரை யானைமலையும் சித்தன்னவாசலும் ஏறத் தூண்டும் பாறைகள்தாம். சமணர் படுக்கையும் கல்வெட்டும் ஓவியமும் இருக்கும் இடத்தில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் மாவுக்கு வேலை இல்லை. ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012 முதல் கழுகுச் சரணாலயம், அங்கும் ஏற்றம் கிடையாது. திறந்தவெளியை நேசித்துப் போகிறவர் சாக் கறையைத் தூரிகையால் துடைத்துவிட்டு வருவார்.

உள்ளரங்கச் சுவரே போதும் என்று தோன்றுகிறது. குறையா?

குறையில்லை. புதிர், உடல், நட்பு என்ற மூன்றும் அங்கேயே கிடைக்கும். போல்டரிங் சுவரில் உச்சியிலிருந்து குதிக்காமல் முடிந்தவரை இறங்கி வாருங்கள். விழ நேர்ந்தால் இரு பாதத்திலும் இறங்கி, முழங்காலை மடக்கி, முதுகில் உருளுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும்.

என் மகன் பெரிய வீரனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அது உங்கள் காரணம். அவனுடையதைக் கேட்டுப் பாருங்கள். வளரும் பருவத்தில் விரல் எலும்பின் வளர்தட்டு, தசைநாணைவிடப் பலவீனமானது. 12 முதல் 16 வயதுப் பிள்ளை விரலின் நடுமூட்டு வலிக்கிறது என்றால் அது சுளுக்காக இல்லாமல் முறிவாகவே இருக்கலாம். ஏறுவதை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த வயதில் விரல் பலகை, எடை கட்டித் தொங்குவது எதுவும் கூடாது. சிறுவர்கள் விளையாட்டாக ஏறினாலே போதுமான பலம் வரும்.

வீட்டில் "எதுக்கு இந்த விபரீதம்?" என்கிறார்கள். என்ன சொல்வது?

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று சத்தியம் செய்யாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. ஹார்னஸையும் ரோப்பையும் எடுத்துக் காட்டுங்கள். கேரபினர் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன் எடைக்கு நிகரான இழுவையைத் தாங்க வேண்டும் என்பது தரவிதி என்று காட்டி விளக்குங்கள். எந்த ஊர், எந்தப் பாறை, கூட யார், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள், பக்கத்து மருத்துவமனை எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்தில் போன் செய்யுங்கள். முடிந்தால் அம்மாவையோ அப்பாவையோ ஒருநாள் சுவருக்கு அழைத்துவந்து டாப் ரோப்பில் மூன்று மீட்டர் ஏற்றிப் பாருங்கள். கேள்வி அன்றோடு மாறிவிடுவது உண்டு.

ஆர்வம் போய்விட்டது. விட்டுவிடலாமா?

காரணம் மாறியிருக்கலாம், பழக்கம் மட்டும் பழையபடி தொடர்ந்திருக்கலாம். கிரேடுக்காக வந்தவருக்கு ஒரு கட்டத்தில் நண்பர்கள் முக்கியமாவார்கள். அப்போதும் தனியாக விரல் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தால் சலிக்காமல் என்ன செய்யும்? இரண்டு வாரம் முழுதாக விடுங்கள். பிறகு போல்டரிங் செய்தவர் ரோப்பையும், ரோப் பிடித்தவர் போல்டரிங்கையும் எடுத்துப் பாருங்கள். புதியவர் ஒருவருக்கு முடிச்சுக் கற்றுக்கொடுங்கள். அதன் பிறகும் போகத் தோன்றாவிட்டால் விட்டுவிடுவதில் தோல்வி எதுவுமில்லை.

என் காரணம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. எழுதிப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு, ஏறி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வரி. இன்று எந்த நிமிடம் மிகவும் பிடித்திருந்தது? எந்த இடத்தில் எரிச்சலோ பொறாமையோ வந்தது? எப்போது நிறுத்தினேன், ஏன்? கிரேடை எழுத வேண்டாம்.

எட்டு வாரம் கழித்து ஒன்றாக வாசியுங்கள். பிடித்த நிமிடங்களில் பெரும்பாலும் ஆட்கள் இருக்கிறார்களா, ஒரு அசைவு இருக்கிறதா, உச்சியில் வீசிய காற்று இருக்கிறதா, யாரோ கை தட்டியது இருக்கிறதா என்று எண்ணினாலே தெரிந்துவிடும். மூன்றாவது வரிதான் முக்கியம். "கை வலித்தது, நிறுத்தினேன்" என்று ஒருமுறைகூட இல்லாமல், "மற்றவர்கள் கிளம்பினார்கள், நிறுத்தினேன்" என்றே இருந்தால், எப்போது நிறுத்துவது என்பதை உங்களுக்காக வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அடுத்த பாதாமிப் பயணத்துக்கு முன் ஒரு அளவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை முயற்சி, எத்தனை மணி, எந்த வலி வந்தால் இறங்குவேன். எழுதியதைப் பிலே செய்பவரிடம் காலையிலேயே காட்டிவிடுங்கள். அந்த அளவு வந்ததும் "போதும், இறங்கு" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.